பதினேழு எங்கே?

காலை எட்டு மணிக்கு மருத்துவ அறை வாசலில் இருபத்து நான்கு ஜோடி பூட்ஸ் வரிசையாக நின்றன. பத்து மணிக்கு ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம்.

நாளை விடியற்காலை மலைக்குப் போகிற பிள்ளைகள். ஒவ்வொருவர் பாதத்தையும் புரட்டிப் பார்த்து, நாடி பிடித்து, எடை போட்டு, 'போகலாம்' என்று கையெழுத்துப் போடுவது சிஸ்டரின் வேலை. ஒவ்வொரு கையெழுத்துக்கும் பேனா ஒரு கணம் தயங்கியது. தயங்கிவிட்டு எழுதியது.

அந்த உறைவிடப் பள்ளியில் சமையல்கட்டு முதல் பிரின்சிபால் அறை வரை எல்லாருக்கும் அவள் சிஸ்டர்தான். 'அண்ணி' என்று கூப்பிடுகிறவர் ஒருவர் உண்டு. அந்தக் குரலுக்கு அவள் திரும்பிப் பார்த்து ஒரு வருடம் ஆகிறது.

ஒரு வருடத்துக்கு முன்னால் இதேபோன்ற ஒரு பயணத்தின் முதல் இரவில், பனிமூட்டத்தில் பாறை வழுக்கி, ஓடைப் பள்ளத்தில் விழுந்து அவள் கணவர் இறந்தார். பிள்ளைகளுக்கு அவர் 'மலை சார்'. கூடாரம் அடிக்கவும், வரைபடம் பார்க்கவும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டே பறவையின் பெயரைச் சொல்லவும் கற்றுக் கொடுத்தவர். அவருக்குத் துணை ஆசிரியராக இருந்தது அவருடைய தம்பி, 'சின்ன சார்'. விசாரணையில் தம்பி சொன்னது இவ்வளவுதான்: "ஓடை தாண்டக் கட்டின கயிறை நான் அவிழ்க்க மறந்துட்டேன். எடுத்துட்டு வரேன்னு அண்ணன் திரும்பிப் போனான்."

ஒரு கயிறு. பொழுது விடிந்தபின் எடுத்திருக்கலாம். மறந்தவனே போயிருக்கலாம். ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்த மலை வகுப்பு மறுபடி தொடங்கப் போகிறது, அதே சின்ன சார்தான் கூட்டிப் போகப் போகிறார் என்று தெரிந்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை பிரின்சிபாலிடம் நாலு பக்கக் கடிதம் கொடுத்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதியவள் மகள். பதினைந்து வயது. கடைசியில் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'அவர் என் சித்தப்பா என்பதற்காக நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.'

இன்று பன்னிரண்டு மணிக்கு முடிவு சொல்வதாகப் பிரின்சிபால் வாக்குக் கொடுத்திருந்தார். கடிதத்தை ஏற்றுக்கொண்டால், சின்ன சார் சாயங்கால பஸ்ஸில் பெட்டியோடு கிளம்ப வேண்டியதுதான்.

"அடுத்து."

கடைசி ஜோடி பூட்ஸின் சொந்தக்காரி உள்ளே வந்தாள். ஏழாம் வகுப்பு. பள்ளியிலேயே அதிகம் பேசுகிறவள் என்று பெயர் வாங்கியவள்.

"நாக்கை நீட்டு."

"நீட்டினா எப்படிப் பேசறது சிஸ்டர்?"

"அதுக்குத்தான் நீட்டச் சொல்றேன்."

நீட்டினாள். மூன்று விநாடி தாங்கியது.

"போன வருஷம் ரெண்டு நாள் அந்தக் கட்டில்லதான் படுத்திருந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"தரையைக் கழுவினவளுக்கு மறக்குமா?"

"இந்தத் தடவை வாந்தி வராது. முன் சீட்டுன்னு இப்பவே சொல்லி வச்சிருக்கேன்." பாவாடைப் பையில் கை விட்டு எதையோ துழாவினாள். "சிஸ்டர், இதை யார்கிட்ட திருப்பிக் கொடுக்கணும்?"

உள்ளங்கையில் ஒரு தகர வில்லை. நடுவில் 17 என்று குத்தியிருந்தது.

அந்த வில்லைகள் மலை சார் ஏற்படுத்திய வழக்கம். வரிசையில் நிறுத்தி எண் சொல்லச் சொன்னால், குறும்புக்கு ஒருவனுக்காக இன்னொருவன் குரல் கொடுத்துவிடுவான். அதனால் ஆளுக்கு ஒரு வில்லை. காலையில் பள்ளி கேட்டில் இருக்கிற பலகையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். முகாமுக்குப் போனதும் அங்கே இருக்கிற பலகையில் மாட்ட வேண்டும். வில்லை தொங்கினால் ஆள் வந்தாயிற்று. கொக்கி காலியாக இருந்தால் ஆள் இன்னும் வழியில்.

"எங்கே இருந்துச்சு இது?"

"பழைய ஸ்வெட்டர் பையில. அம்மா லீவுல எடுத்துக் குடுத்தாங்க. சின்ன சார் என்னடான்னா பதினேழு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி எனக்கு இருபத்தஞ்சு குடுத்திருக்கார். எப்படித் தொலையும்? நான் குடுக்கவே இல்லையே. அன்னைக்குத்தான் நான் வேன்லயே சுருண்டுட்டேன், டிரைவர் அண்ணா திருப்பிக் கொண்டு வந்து உங்ககிட்ட விட்டுட்டார்."

"ஆமா."

"அப்போ ராத்திரி என் கொக்கி காலியாத்தானே இருந்திருக்கும்? மலை சார் என்னைத் தேடியிருப்பார்." ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல் சொல்லிக்கொண்டே பூட்ஸ் கயிற்றைக் கட்டினாள். "ஆனா பரவாயில்ல. நான் உங்ககிட்ட இருக்கேன்னு நீங்க சொல்லியிருப்பீங்க."

கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வில்லையை மேஜையில் விட்டுவிட்டுப் போனாள்.

சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்து கதவைச் சாத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

அன்றைக்குப் பயண நாள். பயண நாளில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் முகட்டில் நிற்கும். வாக்கி-டாக்கி கேட்கிற இடம் அந்த முகடு ஒன்றுதான். அதிலும், கூரைமேல் நெட்டைக் கம்பம் வைத்த மருத்துவ அறை ஒலி மட்டும்தான் அங்கே எட்டும். பன்னிரண்டுக்கு அவள் பேசுவாள். மழை வருமா, யாருக்கு என்ன தகவல் என்று சொல்வாள். அவர் 'சரிங்க சிஸ்டர்' என்பார். அந்த 'ங்க'வைக் கேட்டுச் சமையல்கட்டில் சிரிப்பார்கள். கேட்டிலும் ஆபீஸிலும் சமையல்கட்டிலும் வேனிலும் ஒவ்வொரு வாக்கி-டாக்கிப் பெட்டி இருந்தது. இவர்கள் பேசுவதைப் பள்ளி முழுக்கக் கேட்கும்.

அதனாலேயே வீட்டில் சண்டை என்றால் அவள் அன்றைக்குப் பெட்டியைத் தொடமாட்டாள். குரலில் சண்டை தெரிந்துவிடும் என்று பயம். யாரையாவது விட்டுப் பேசச் சொல்வாள். "இன்னைக்கு சிஸ்டர் வீட்டுல ரேடியோ ரிப்பேர்" என்று சமையல்காரர் சொன்னால் எல்லாருக்கும் புரியும்.

அன்றைக்கும் ரிப்பேர்தான். முந்தின இரவு சண்டை. காலையில் அவர் கிளம்பும்போது அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்பது மணி வாக்கில் வேன் திரும்பி வந்தது. டிரைவர் இந்தப் பெண்ணைத் தோளில் தூக்கி வந்து கட்டிலில் கிடத்தினார். "பின் சீட்டுல தூங்கிட்டு இருந்திருக்கு சிஸ்டர், உடம்பு கொதிக்குது. பன்னெண்டுக்கு மலை சார்கிட்ட சொல்லிடுங்க."

"நீங்களே சொல்லிடுங்கண்ணே."

இதை அவள் சொன்னாள். அவள் வாயால்தான் சொன்னாள். டிரைவர் சிரித்தார். "சரி, ரிப்பேரா," என்றார். பன்னிரண்டு மணிக்கு வேனில் உட்கார்ந்து அவர் பேசியது ஜன்னல் வழியாக அவளுக்குக் கேட்டது. பேசியாயிற்று என்று நினைத்தாள். அந்தப் பேச்சு வேனின் குட்டைக் கம்பியை விட்டு முகடு வரை ஏறியதா என்று அவள் கேட்கவில்லை. இந்த ஒரு வருடமும் கேட்கவில்லை. கயிறு ஒன்று இருந்ததே, காரணம் சொல்ல.

வில்லையை எடுத்துக்கொண்டு அவள் போனபோது சாமான் கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே காயாத கூடாரத் துணியின் மக்கிய வாடை. சுவரில் பிள்ளைகள் எழுதிய பறவைப் பட்டியல். 'மரங்கொத்தி' என்பதற்கு எதிரே யாரோ 'ஓயாத ஆள்' என்று எழுதியிருந்தார்கள். சின்ன சார் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, திசைகாட்டிகளை ஒவ்வொன்றாக ஆட்டி, முள் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் அவருடைய சொந்தப் பெட்டி, பட்டை இறுக்கிக் கட்டி.

அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"நாளைக்கு யார் கூட்டிட்டுப் போனாலும் சாமான் சரியா இருக்கணும் இல்லையா," என்றார், கேட்காத கேள்விக்கு.

அவள் வில்லையை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. பார்த்தார். பார்த்துவிட்டுக் கையிலிருந்த திசைகாட்டியை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தார்.

"கயிறு எந்த நிறம்?" என்று கேட்டாள்.

"எந்தக் கயிறு?"

"உங்க அண்ணன் எடுக்கப் போன கயிறு. என்ன நிறம்? எத்தனை முழம்? எந்த மரத்துல கட்டியிருந்துச்சு?"

"அண்ணி..."

"சொல்லுங்க சார்." இந்த ஒரு வருடமாக அவள் அவரை அப்படித்தான் கூப்பிட்டாள், ஊரார் மாதிரி. முன்பெல்லாம் 'தம்பி'.

"கயிறு எதுவும் இல்ல அண்ணி."

வெளியே யாரோ பிள்ளைகள் ஓடுகிற சத்தம்.

"முழுசாச் சொல்லுங்க."

அவர் கூடாரக் கம்பு ஒன்றை எடுத்தார். சொல்லி முடிக்கும்வரை அதைப் பிரிப்பதும் சேர்ப்பதுமாக இருந்தார்.

"ரெண்டு நடை வேன். முதல் நடையில வந்த பிள்ளைங்களை அண்ணன் மேல் பாதையில கூட்டிட்டுப் போயிட்டான். ரெண்டாவது நடையை நான் ஓடைப் பாதையில கூட்டிட்டுப் போனேன். யாரு எந்தப் பாதைன்னு முன்னாடியே பிரிக்கல. இறங்கினவங்க நடந்தாங்க. நான் எண்ணியிருக்கணும். கேட்டுலதான் வில்லை எடுத்தாச்சேன்னு எண்ணல. அது என் தப்பு. சாயங்காலம் ரெண்டு கூட்டமும் முகாம்ல சேர்ந்தப்போ இருபத்து மூணு வில்லை தொங்குச்சு. பதினேழு இல்ல. 'பதினேழு எங்கே?'ன்னான். நான் உன்கூடன்னு நினைச்சேன்னேன். அவன் உன்கூடன்னு நினைச்சேன்னான்."

"வாக்கி-டாக்கி?"

"முகாம் பள்ளத்துல எதுவும் கேட்காது. உங்களுக்குத் தெரியுமே."

"பன்னெண்டு மணிக்கு முகட்டுல இருந்தாரே."

சின்ன சார் கம்பைச் சேர்த்தார்.

"சொல்லுங்க தம்பி."

அந்தச் சொல் அவரை என்னவோ செய்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அரை மணி நேரம் பெட்டியைக் காதுல வச்சுக்கிட்டு நின்னானாம். சத்தமே இல்ல. வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னான், 'உன் அண்ணிக்கு இன்னும் கோபம் தீரல'ன்னு. தகவல் எதுவும் இல்லாததை அவன் அப்படித்தான் எடுத்துக்கிட்டான். அதனாலதான் பிள்ளை நிச்சயமா ஓடைப் பாதையில எங்கேயோ நின்னுடுச்சுன்னு கிளம்பினான். நான் போறேன்னு சொன்னேன் அண்ணி. கால்ல விழாத குறையாச் சொன்னேன். 'அந்தப் பாதை எனக்கு உள்ளங்கை மாதிரி. நீ பிள்ளைங்களைப் பாரு'ன்னுட்டான். இருபத்து மூணு பிள்ளைங்களை விட்டுட்டு நான் எப்படி எழுந்திருக்கிறது?"

அவள் வில்லையைத் திசைகாட்டிப் பெட்டிமேல் வைத்தாள்.

"விடிஞ்சதும் நான்தான் பார்த்தேன். பார்த்துட்டு ரோட்டுக்கு ஓடினேன். டிரைவர் அண்ணன் ரொட்டிக் கூடையோட எதிர்ல வந்தார். பிள்ளையையும் காணோம்னு கத்தினேன். 'எந்தப் பிள்ளை? அது நேத்து காலையில இருந்து சிஸ்டர் ரூம்ல தூங்குதே. நான் பேசினேனே'ன்னார். ரெண்டு பேரும் ரோட்டுல உட்கார்ந்துட்டோம். எழுந்திருக்கும்போது கயிறுன்னு முடிவு பண்ணிட்டோம். அவரால தாங்க முடியல, அந்த மாசமே வேலையை விட்டுட்டுப் போனார்."

"எனக்காகப் பொய் சொன்னீங்க."

"புருஷனைப் பறிகொடுத்தவங்ககிட்ட இதையும் கொண்டு போய்க் குடுக்கறதா? நீங்க என்னைத் திட்டினா எனக்கு ஒண்ணும் ஆகாது. உங்களை நீங்களே திட்ட ஆரம்பிச்சா யாரு நிறுத்தறது?"

"நாலு பக்கம் எழுதினேன் உங்களைப் பத்தி."

"படிச்சேன். பிரின்சிபால் மேடம் காட்டினாங்க. எழுத்து நல்லா இருந்துச்சு." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

அவள் போகத் திரும்பினாள். வாசல் தாண்டுமுன் அவர் குரல் வந்தது.

"அண்ணி. மேடம்கிட்ட எதைச் சொன்னாலும் சொல்லுங்க. நம்ம வீட்டுப் பாப்பாகிட்ட மட்டும் வேண்டாம். நூல் பிடிச்சுக்கிட்டே போனா கடைசியில அவகிட்டதான் போய் நிக்கும். அன்னைக்கு எதுக்குச் சண்டைன்னு அண்ணன் என்கிட்டச் சொன்னான்."

அவள் திரும்பினாள்.

"அவரு என்ன சொன்னார்?"

"'பொண்ணை மலைக்குக் கூப்பிட்டேன், உன் அண்ணி அனுப்ப மாட்டேன்னு குதிக்கிறா. அது அவ பேச்சு இல்ல. வர இஷ்டமில்லைன்னு பொண்ணுதான் சொல்லச் சொல்லியிருக்கு. எனக்குத் தெரியாதா? அம்மாவும் பொண்ணும் கூட்டு'ன்னான். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னான் அண்ணி. அவனுக்கு வருத்தமே இல்ல."

உண்மைதான். முந்தின நாள் மகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'எல்லாரும் என்னை மலை சார் பொண்ணுன்னு கேலி பண்றாங்கம்மா. நான் போகல. ஆனா நான் சொன்னா அப்பா முகம் சுருங்கிடும். நீ சொன்னதா இருக்கட்டும்.' பிள்ளைக்காக அவள் அந்தப் பழியை வாங்கிக்கொண்டாள். வாங்கியதை வாங்கியபடியே நிறைவேற்றவும் செய்தாள்: 'உங்க மலையை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க, என் பொண்ணை விடுங்க.' பாதி நடிப்பு. சொல்லச் சொல்ல மீதியும் நிஜமாகிவிட்டது. சண்டைக்கு அந்தக் குணம் உண்டு.

பிரின்சிபால் அறைக் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"உட்காருங்க சிஸ்டர். உங்க கடிதத்தின் மேலதான் நடவடிக்கை. ஆர்டர் தயாரா இருக்கு, கையெழுத்து மட்டும் பாக்கி."

"கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கறேன் மேடம்."

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அந்த முகம் பத்து வயது கூடித் தெரிந்தது. "குடும்பத்துல சமாதானம் ஆயிட்டீங்களா? சந்தோஷம். ஆனா ஒருத்தர் உயிர் போன விஷயத்துல அப்படிக் குடுத்து இப்படி வாங்கிக்க முடியாது. காரணம் எழுதணும்."

"எழுதறேன். தாள் குடுங்க."

பதினோரு வரி எழுதினாள். நாலு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இந்தப் பதினோரு வரிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வேன், காய்ச்சல், பன்னிரண்டு மணி, நான் பேசவில்லை. 'எங்களுக்குள் இருந்த மனத்தாங்கலால்' என்று எழுதிவிட்டு, அதற்குமேல் விளக்காமல் அடுத்த வரிக்குப் போனாள்.

பிரின்சிபால் இரண்டு தடவை படித்தார். முதல் தடவை வேகமாக, இரண்டாம் தடவை விரல் வைத்து.

"இது வெளியே போனா என்ன ஆகும்னு தெரியுமா? உங்க வேலை போகும். வேலை போனா குவார்ட்டர்ஸ் போகும். ஊழியர் பிள்ளைங்கற சலுகை போச்சுன்னா பொண்ணு இங்கே படிக்க முடியாது."

"தெரியும் மேடம்."

"சின்ன சார் இதை எழுதச் சொன்னாரா?"

"எழுத வேண்டாம்னு சொன்னார்."

பிரின்சிபால் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மைதானத்தில் நாளைப் பயணக் கூட்டம் முதுகுப் பைகளை நிரப்பி, எடை தாங்காமல் மல்லாந்து விழுந்து, ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தது.

"நாலு மணிக்குக் கமிட்டி. அதுவரைக்கும் இது உறையில இருக்கும். மனசு மாறினா மூணரைக்குள்ள வந்து வாங்கிக்கோங்க. அதுக்கப்புறம் என் கையில இல்ல." உறையை ஒட்டினார். "உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல சுவருக்குக் காது மட்டும் இல்ல, வாயும் உண்டு."

மகள் எங்கே இருப்பாள் என்று தேட வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமை மதியம் ஒன்பதாம் வகுப்புக்கு 'உட்காரும் பாடம்'. பள்ளிக்குப் பின்னால் இருக்கிற காட்டுச் சரிவில் ஆளுக்கு ஓர் இடம். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, பார்த்ததையும் கேட்டதையும் நோட்டில் எழுத வேண்டும். உட்கார்ந்திருக்கிறவரிடம் யாரும் பேசக்கூடாது. தீப்பிடித்தால் மட்டும் பேசலாம் என்று மலை சார் சொல்வார்.

பட்டை உரிந்த ஒரு பெரிய மரத்தின் அடியில் மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு. காலடியில் எறும்புக் கோடு ஒன்று அவள் செருப்பைச் சுற்றிக்கொண்டு போனது. அம்மா வருவதைப் பார்த்துவிட்டு உதட்டில் விரல் வைத்தாள்.

சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, பேசக்கூடாது," என்று கிசுகிசுத்தாள் மகள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நோட்டை மூடினாள். "என்னாச்சு? மேடம் முடியாதுன்னுட்டாங்களா? அந்த ஆளையே அனுப்பறாங்களா?"

"அந்த ஆள்னு சொல்லாதே."

"நீதான் அப்படிச் சொல்லிக் குடுத்தே."

"ஆமா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவள் சொன்னாள். பிரின்சிபாலிடம் எழுதிய அதே பதினோரு வரியைத்தான் சொன்னாள், ஆனால் இங்கே அது சுலபமாக வரவில்லை. நடுநடுவே நின்றது. மகள் புல்லைப் பிடுங்கினாள். பிடுங்கியதை வரிசையாக அடுக்கினாள்.

"அப்போ கயிறு?"

"கயிறே இல்ல."

"சித்தப்பா பொய் சொன்னாரா?"

"எனக்காகச் சொன்னார்."

"அவர் முகத்துக்கு நேரா நான் சொன்னேம்மா. உங்களாலதான் எங்கப்பா போனார்னு. மெஸ்ஸுல, எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்கும்போது. அவர் தட்டை எடுத்துட்டு எழுந்து போயிட்டார்." மகளின் குரல் மெல்ல உடைந்தது, ஆனால் அழவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவர்."

"சொல்லியிருக்கலாம். சொன்னா அது என் தலையில வந்து விழும்னு பேசாம இருந்துட்டார்."

மகள் அடுத்த புல்லை எடுத்தாள். அடுக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தாள். சிஸ்டருக்கு அந்த முகம் தெரியும். கணிதத்தில் விடை வந்தபின்னும் எங்கோ ஒரு படி இடறுகிறது என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற முகம். அவர் முகமும் அப்படித்தான் இருக்கும்.

"அன்னைக்கு நீ ஏன் அப்பாகூடப் பேசல?"

"சொன்னேனே. சண்டை."

"என்ன சண்டை?"

சரிவில் காற்று இல்லை. தூரத்தில் யாரோ ஒரு பிள்ளை தும்மியது. ஒரு மணி நேரம் அசையக்கூடாது என்கிற பாடத்தில் மொத்த வகுப்பும் உட்கார்ந்திருந்தது.

"வழக்கமான சண்டைதான். ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டுட்டார். ஆயிரம் தடவை சொல்லியாச்சு, கேட்கல. எனக்கு வந்துச்சு கோபம்."

வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது பொய். தடுக்கவே இல்லை. நேசிக்கிறவர்களுக்காகச் சொல்கிற பொய்க்கு ஒத்திகை வேண்டியதில்லை போலிருக்கிறது. அந்த விடியற்காலையில் ரோட்டில் உட்கார்ந்திருந்த மனிதன் எப்படி ஒரே நிமிடத்தில் ஒரு கயிற்றைத் திரித்தான் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. அந்தக் கயிற்றை நம்பி ஒரு வருடம் அவனை வெறுத்தவளும் தான்தான் என்பது அதற்கடுத்த கணத்தில் உறைத்தது. அதற்குள் சொல்லியாகிவிட்டது.

மகள் அவளைப் பார்த்தாள். நேராக, நீண்ட நேரம்.

"நான் உன்கிட்ட வந்து கேட்டேனே, அது எந்த நாள்மா?"

"எது?"

"தெரியாத மாதிரி கேட்காதே."

சிஸ்டரின் கண் அடுக்கி வைத்த புல்லுக்குப் போனது.

மகள் எழுந்தாள். பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டாள். நோட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்பா ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டு நான் பார்த்ததே இல்லம்மா. கொடியிலதான் போடுவார். நாலு மூலையையும் இழுத்துவிட்டு."

சொல்லிவிட்டு நடந்தாள். இடப்பக்கம் திரும்பினால் விடுதி. வலப்பக்கம் திரும்பினால் குவார்ட்டர்ஸ். அவள் இரண்டு பக்கமும் திரும்பவில்லை. காட்டு வழியாக அதே ஓடைக்குப் போகிற, பிள்ளைகள் தனியாகப் போகக்கூடாது என்று சங்கிலி போட்டிருந்த பாதையில், சங்கிலிக்கு அடியில் குனிந்து, நிமிர்ந்து, திரும்பிப் பார்க்காமல் போனாள்.